வழிவழித் தொண்டும் குலச்சான்றும்

திருச்சிற்றம்பலம்

திருக்கோயிலிற் குடமுழுக்கு நிகழுங்காலம் விமானத்திற்கும் திருமேனிக்கும் புதுப்பொலிவு தருங்காலம் மட்டும் அன்று; ஊரார் தத்தம் முன்னோரை நினைவு கூருங்காலமும் அதுவே. 'இத்திருமதிலை எடுப்பித்தவர் எம் பாட்டனார்', 'இந்நந்தாவிளக்கு எங்குடியினர் வைத்தது', 'ஐந்தாந் திருநாள் மண்டகப்படி எங்கள் வீட்டுக்கு உரியது' என்னும் உரைகளை யாகசாலைப் பந்தலில் எங்கும் கேட்கலாம். அவ்வுரைகளிற் பெருமிதம் உண்டு, அன்பு உண்டு, சிற்சில இடங்களிற் பூசலும் உண்டு.

முப்பது ஆண்டுகட்கு முன்னர்ச் சோழநாட்டுச் சிற்றூர் ஒன்றில் அத்தகைய பூசல் ஒன்றைக் காண நேர்ந்தது. ஒரே குடியின் இரு கிளையினர், திருவிளக்குக் கட்டளையை நிறுவிய முன்னோர்க்குத் தாமே நேர் வழியினர் என்றும், பரிவட்டமும் முதற்றிருநீறும் தமக்கே உரியன என்றும் வழக்கிட்டனர். ஒரு கிளையார் தம் வீட்டுப் பெட்டகத்திலிருந்து பழைய ஓலை ஒன்றைக் கொணர்ந்தனர். ஆதீனத்திற் கல்வி பயின்ற காலத்தே ஏடு படிக்கும் பயிற்சி எனக்கு வாய்த்திருந்தமையின், அதனைப் படித்துரைக்குமாறு என்னைப் பணித்தனர். ஓலையில் எழுதியிருந்தது இவ்வளவே: நாடோறும் அந்திவிளக்குக்கு இத்துணை எண்ணெய், திருவாதிரைதோறும் ஒரு திருப்பள்ளித்தாமம், இவற்றை அக்குடியில் தோன்றுவார் தவறாது நடத்துதல் வேண்டும். பரிவட்டம் என்னுஞ் சொல் அவ்வோலையில் யாண்டும் இல்லை. 'அவ்விளக்கை இப்போது ஏற்றுவார் யாவர்?' என்று வினவினேன். இரு கிளையாரும் வாய் திறந்திலர். கோயில் வாயிலிற் பூக்கட்டி விற்கும் மூதாட்டியார் ஒருவர், தம் சிறு வருவாயினின்று எண்ணெய் வாங்கிப் பல ஆண்டுகளாக அதனை ஏற்றி வருகின்றார் என்று அருச்சகர் மெல்லக் கூறினார்.

அன்று தொட்டு ஒரு வினா என் உள்ளத்தை விட்டு நீங்கிற்றிலது. ஒருவர் இன்ன குடியிற் பிறந்தார் என்று மெய்ப்பித்தால், அதனால் அவர் பெறுவது உரிமையா? கடமையா? நம் சமய வரலாறும் கல்வெட்டுக்களும் இவ்வினாவுக்குத் தரும் விடையை அன்பர்கள் முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

வெண்ணெய்நல்லூரில் நடந்த வழக்கு

குலச்சான்று காட்டி ஒருவரை ஒரு கூட்டத்துள் சேர்த்த வழக்குக்களுள் நம்மவர் நன்கறிந்தது ஒன்று உண்டு. அது திருவெண்ணெய்நல்லூர் அவையில் நிகழ்ந்தது. வழக்கிட்டவர் இறைவர், எதிர் வழக்காடியவர் நம்பியாரூரர். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தே, 12ஆம் நூற்றாண்டில், சேக்கிழார் பெருமான் இதனைத் தடுத்தாட்கொண்ட புராணத்தில் விரித்தோதினார். கதையை அறியாதார் இலர். ஆயினும் அதனை ஓர் ஆவண வழக்காக எண்ணிப் பார்ப்போர் சிலரே.

புத்தூரில் மணப்பந்தரின்கீழ் நம்பியாரூரர் வீற்றிருந்தபோது முதிய அந்தணர் ஒருவர் வந்து, 'உன் பாட்டன் தன்னையும் தன் மரபினரையும் எனக்கு அடிமையாக எழுதித் தந்தான். அவ்வழக்கை முடித்த பின்னரே மணம் முடிக்க' என்றார். அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் உலகில் இல்லாத செயல் என்று நகைத்த நம்பியாரூரர், அவர் காட்டிய ஓலையைப் பற்றிக் கிழித்தெறிந்தார். முதியவர் கலங்கினாரல்லர். கிழிந்தது படியோலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் அவையத்தார் முன் காட்டுதற்கு உளது என்றார்.

அவையத்தார் எளிதில் உடன்பட்டிலர். இத்தகைய வழக்கு மெய்ப்படுதற்கு ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்று வேண்டும் என்றனர். ஆட்சி என்பது தொன்று தொட்டு வரும் அனுபவம். ஆவணம் என்பது எழுத்து. காட்சி என்பது கண்டவர் சான்று. முதியவர் மூல ஓலையை நீட்ட, அவையின் கணக்கர் அதனை வாங்கி உரக்கப் படித்தார். திருநாவலூர் ஆதிசைவன் ஆரூரன், தானும் தன் மரபில் வருவாரும் வழிவழி அடித்தொண்டு செய்வதற்கு உடன்பட்டு எழுதியது என்பது அதன் கருத்து. சான்றாளர் தம் கையெழுத்தை நோக்கி ஒப்பினர். அவ்வளவிலும் அமையாது, பாட்டனார் எழுதிய வேறோர் எழுத்தைக் காப்பினின்று வருவித்து இரண்டனையும் ஒப்புநோக்கினர். எழுத்து ஒத்தது, தீர்ப்பும் பிறந்தது.

ஈண்டு இரண்டு செய்திகள் சிந்திக்கற்பாலன. முதலாவது, படியை விட மூலமே வலியது என்பதும், கையெழுத்தை வேறோர் எழுத்தோடு ஒப்பிட்டே தெளிதல் வேண்டும் என்பதும், சான்றாளரை வினவுதல் வேண்டும் என்பதும் 12ஆம் நூற்றாண்டுத் தமிழர்க்கு நன்கு தெரிந்திருந்தன. இறைவரே வழக்காடினும் சான்றின்றித் தீர்ப்பளியாத அவையைச் சேக்கிழார் நமக்குக் காட்டுகின்றார். இரண்டாவது இதனினும் ஆழ்ந்தது. அவ்வோலை நம்பியாரூரர்க்கு நிலம் தந்ததா? பட்டம் தந்ததா? இல்லை. பாட்டனார் விட்டுச் சென்ற சொத்து அடிமை ஒன்றே. வழிவந்தமை மெய்ப்பட்ட அக்கணமே அவர் தலைமேல் ஏறியது தொண்டு. அத்தொண்டினை ஏற்ற பின்னரே திருவாரூரில் அடியார் கூட்டத்தைப் போற்றித் திருத்தொண்டத்தொகை அருளினார். அத்தொகையுள் வேதியரும் வேந்தரும் வேடரும் குயவரும் வண்ணாரும் பாணரும் ஒருங்கே இடம் பெற்றனர். அடியாராதற்கு வேண்டும் சான்று குலத்தின்கண் இல்லை என்பது அதனால் விளங்கும்.

இராசராசேச்சரத்தின் ஏற்பாடு

புராணத்தினின்று கல்வெட்டுக்குச் செல்வோம். தஞ்சைப் பெரிய கோயிலாகிய இராசராசேச்சரத்தின் விமானக் கலசத்தை முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டில், 1010இல், அளித்தான். எடுத்த கோயிலிற் பணிகள் தலைமுறை தலைமுறையாக நடத்தல் வேண்டுமே என்னுங் கவலை அவ்வேந்தனுக்கு மிகுதியும் இருந்தது. ஆதலின் பணியாளர் அனைவரையும் கல்லில் எழுதுவித்தான்.

திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வதற்கு 48 பிடாரர்கள், அவர்களுடன் உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர், ஆக 50 பேர். ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல். பன்னிரு குறுணி ஒரு கலமாதலின், ஐம்பதின்மர்க்கும் நாள்தோறும் பன்னிரண்டரைக் கலம் நெல் கோயிற் பண்டாரத்தினின்று அளக்கப்பட்டது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர்க்கும் தனித்தனிப் பங்கு உண்டு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அவர்களை அடையாளங் காட்டிய முறை வியக்கத்தக்கது. தளிச்சேரியின் இன்ன தெருவில், இன்ன சிறகில், இத்தனையாம் வீடு என்றும், முன்னர் இன்ன ஊர்த் தளியில் இருந்தவர் என்றும் குறித்தனரேயன்றி, இன்னார் மகள் என்று குறிக்கும் வழக்கத்தை மேற்கொண்டாரல்லர். அவர் எங்கே தொண்டு செய்தார் என்பதே அடையாளமாயிற்று.

இவர்களுள் ஒருவர் இறப்பினும் ஊரைவிட்டு நீங்கினும் அவ்விடம் யாரைச் சாரும்? அவருக்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்று அப்பணியைச் செய்க என்பது முதல் விதி. இதனளவில் நின்றால் இது வெறும் வாரிசுரிமை. ஆனால் இராசராசன் அவ்வளவில் நின்றானல்லன். அடுத்த உறவினர் தாம் அப்பணிக்குத் தகுதியுடையர் அல்லராயின், தகுதியுடையார் ஒருவரை இட்டுப் பணி செய்வித்தல் வேண்டும். உறவினரே இல்லையாயின், அப்பணியிலுள்ள ஏனையோர் கூடித் தக்கார் ஒருவரைத் தேர்ந்து கொள்க. நெல் அவருக்கு முன்னவர் பெற்ற அளவே கிடைக்கும்.

பிறந்த குடி வாயிலைத் திறக்கும். உள்ளே இருத்துவது தகுதியே. திருப்பதியம் பாட வல்ல தந்தையின் மகன் என்பது பற்றி, பாட அறியாதான் ஒருவன் சந்நிதியில் நின்று வாய் வாளாதிருத்தலை அரசன் ஒப்புக்கொண்டிலன். ஆயினும் அக்குடியை அவன் தள்ளிவிடவும் இல்லை. முதல் வாய்ப்பை அதற்கே அளித்தான். ஈன்ற குடிக்கு மதிப்பும், இறைவன் பணிக்குக் குறைவின்மையும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு இது.

உறவு தடையாகிய இடமும் உண்டு. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுக்கள் ஊராட்சி வாரியங்கட்குக் குடவோலையால் ஆள் தெரியும் முறையைக் கூறுகின்றன. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதார் பெயரைக் குடத்தில் இடுதல் கூடாது. அவர் மட்டும் அல்லர். அவர்தம் தந்தை, மகன், உடன்பிறந்தார், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மருமகன் முதலிய உறவினரும் விலக்கப்பட்டனர். பெரியோரின் பெருமையைத் தமதெனக் கொள்ள விழைவார், அவர் விட்டுச் சென்ற கணக்கையும் தமதெனக் கொள்ளல் வேண்டும் என்பது இதன் உட்கிடை. கட்டளை நிறுவிய பாட்டனாரின் பெயரைச் சொல்லுவோர் இதனை மறத்தல் தகாது.

தில்லையின் இரு வரலாறுகள்

வழிவழி வரும் கூட்டத்தார் என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் தில்லை மூவாயிரவர். இன்றும் பொதுதீட்சிதர்கள் தம் மரபிற் பிறந்து, திருமணம் முடித்த ஆடவரையே கோயிலுரிமைக்கு உரியராகக் கொள்ளுகின்றனர். அம்மரபில் வழங்கும் வரலாறு ஒன்று உண்டு. அந்தர்வேதியினின்று மூவாயிரவரும் தில்லைக்கு மீண்டபோது எண்ணிப் பார்க்க ஒருவர் குறைந்தனர். யாவரும் திகைத்து நிற்க, அவ்வொருவர் தாமே என்று கூத்தப்பெருமான் அருளிச்செய்தார். பிறப்பிலியாகிய பெருமான் ஒரு குலத்தாரின் எண்ணிக்கையுள் தாமும் ஒருவராய் வந்து நின்றார் என்பது அக்குலத்தார்க்குப் பெரும் பேறு. அதனையே உற்று நோக்கின், தந்தையும் தாயும் இல்லாத ஒருவரை முதல்வராகக் கொண்ட கூட்டம் அது என்பதும் விளங்கும்.

அம்மூவாயிரவர் மரபிலே தோன்றியவர் உமாபதி சிவாசாரியர். 1313ஆம் ஆண்டுக்கு நேரான சகம் 1235இற் சங்கற்ப நிராகரணம் இயற்றியவர் அவரே. பூசை முடித்துச் சிவிகையேறி, பகற்பந்தம் முதலிய விருதுகளுடன் அவர் வீதியிற் செல்லக் கண்ட மறைஞான சம்பந்தர், பட்ட மரத்தின்மேல் ஏறிப் பகலிலும் கண் காணாதார் செல்லுகின்றார் என்னும் பொருள்படக் கூறினார் என்பது வரலாறு. அச்சொல் செவியிற் பட்டதும் உமாபதியார் சிவிகையினின்று இறங்கினார், பின்தொடர்ந்தார், ஆசிரியர் கையினின்று ஒழுகிய கூழைப் பிரசாதமாக உண்டார். குலத்தார் அவரை விலக்கினர். தில்லையின் எல்லையிலுள்ள கொற்றவன்குடியில் அவர் தங்கினார்.

பிறந்த மரபு அவரைக் கைவிட்டது. குருமரபு அவரை ஏற்றது. மெய்கண்டார், அருணந்தியார், மறைஞான சம்பந்தர், உமாபதியார் எனச் சந்தான குரவர் நால்வருள் இறுதியாக இன்றும் அவர் வணங்கப்படுகின்றார். அச்சந்தானத்தின் தொடக்கத்தையும் நோக்குக. அருணந்தியார் மெய்கண்டாரின் குலகுரு, ஆண்டில் மூத்தவர், சகலாகம பண்டிதர் எனப் போற்றப்பட்டவர். அவரே தம் மாணாக்கர் குடியிற் பிறந்த இளம் பிள்ளையை ஆசிரியராக வணங்கி ஏற்றார். சந்தானம் என்னுஞ் சொல் மக்கட்பேற்றைக் குறிக்கும். நம் சாத்திர மரபிலோ அது ஞானத்தால் தொடரும் வழியைக் குறிக்கின்றது.

கடல் கடந்த நாட்டில்

இவ்வினா நம் நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. வேந்தரும் பிரபுக்களும் வேண்டா என்று விடுதலைப் போர் செய்த அமெரிக்க நாட்டிலேயே இது எழுந்தது. அப்போரிற் படைத்தலைமை தாங்கியோர் 1783இல் சின்சினாட்டி சங்கம் என ஒன்றை நிறுவினர். உறுப்பினர்க்குப் பின் மூத்த ஆண்வழியினர் அவ்விடம் பெறுவர். அவ்வழி இல்லையாயிற் கிளையினருள் தக்கார் எனக் காணப்பட்டார் பெறுவர் என்பது விதி. தஞ்சைக் கல்வெட்டிற் கண்ட 'தகுதி' அங்கும் ஒரு மூலையில் இடம் பெற்றமை காண்க.

மறு ஆண்டு, 1784இல், அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில் இவ்வேற்பாட்டை எள்ளினார். மகனிடத்தில் தந்தையின் பங்கு பாதி, பேரனிடத்திற் காற்பங்கு, இவ்வாறே குறைந்து ஒன்பதாந் தலைமுறையில் 512இல் ஒரு பங்கே எஞ்சும் என்று கணக்கிட்டுக் காட்டினார். மேன்மை மக்கள் வழியே இறங்குதலினும், நன்மகனைப் பெற்ற பெற்றோர்பால் ஏறுதலே பயன் தரும். சீன நாட்டார் வழக்கம் அதுவே என்றும் எழுதினார். மகன் நல்லனாயின் அப்புகழ் ஈன்றாரைச் சாரும் என்பது தமிழர்க்குப் புதிய கருத்து அன்று.

1890இல் அமெரிக்கப் புரட்சியின் மகளிர் சங்கம் தோன்றிற்று. விடுதலைக்குத் துணைபுரிந்தார் ஒருவரின் நேர் வழியினர் என்று காட்டும் மகளிரே அதில் உறுப்பினராகலாம். தம்மில் தொடங்கி அம்முன்னோர் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் இன்னார் மகள் இன்னார் என்பதைப் பிறப்பு, மணம், இறப்புப் பதிவுகளாலும் விருப்ப ஆவணம் முதலியவற்றாலும் மெய்ப்பித்தல் வேண்டும். ஒரு கண்ணி விட்டுப் போயினும் சங்கிலி அறும். மிக நேரிய முறையே. வெண்ணெய்நல்லூர் அவையத்தாரும் இதனை மெச்சுவர். ஆனால் 1939இல், இசைவாணியார் மரியன் ஆண்டர்சன் கறுப்பினத்தவர் என்பதனால், வாசிங்டனில் உள்ள தன் மண்டபத்தில் அவர் பாடுதற்கு அச்சங்கம் இடந்தர மறுத்தது. குடியரசுத் தலைவரின் துணைவியாரும், குலச்சான்று காட்டி அச்சங்கத்தில் உறுப்பினராக இருந்தவருமான எலினார் ரூசுவெல்ட் அம்மையார் தம் உறுப்பினர் பதவியைத் துறந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் லிங்கன் நினைவாலயத்தின் படிகளில் நின்று ஆண்டர்சன் பாட, ஏறத்தாழ 75,000 மக்கள் கேட்டனர். பின்னர் 1943இல் அம்மண்டபத்திலேயே அவர் பாடினார். 1977இற் கறுப்பின மகளிர் ஒருவர் தம் வழியை மெய்ப்பித்து அச்சங்கத்தில் உறுப்பினரானார். முன்னோர் விடுதலைக்குப் போர் செய்தனர் என்று காட்டிச் சேர்ந்தோர், அவ்விடுதலையைப் பிறர்க்கு மறுத்தபோது, எழுத்துச் சான்று எஞ்சியது, பொருள் அகன்றது. அதனை உணர்ந்து பதவி துறந்த அம்மையாரே முன்னோர் வழியில் நின்றவர் ஆவர்.

நம் கடன்

இனி, நம் காலத்துக்கு வருவோம். 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, ஒருவர் பரம்பரை அறங்காவலரா என்னும் வழக்கையும், கோயிலில் ஒருவர் வழக்காற்றினால் மரியாதை பெறுதற்கு உரியரா என்னும் வழக்கையும் விசாரித்து முடிவு செய்ய வகை செய்துள்ளது. 1971இல் இயற்றிய திருத்தச் சட்டம் அருச்சகர் நியமனத்தில் வாரிசு முறையை நீக்கிற்று. 1972இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை நிலைநிறுத்தியதோடு, ஆகமம் கூறும் தகுதி வழுவுதல் கூடாது என்பதையும் உணர்த்திற்று. மரியாதை கோரி வழக்கிடுவோர் இன்றும் ஆட்சி, ஆவணம், காட்சி என்னும் மூன்றையே தேடுகின்றனர். அம்மூன்றனுள் ஆட்சியே முதலில் வைத்து எண்ணப்படுதல் காண்க. வழிவழியாகச் செய்து வருதலே ஆட்சி. செய்யாது விட்ட தொண்டுக்கு ஆட்சி ஏது?

ஆதலின் இத்திருக்குடமுழுக்கில் பங்கு கொண்ட குடியினர்க்கு இம்முதியவனின் விண்ணப்பம் இது. முன்னோர் விட்டுச் சென்ற ஓலைகளையும் பட்டயங்களையும் பேணிக் காப்பீராக. அவற்றின் படியைக் கோயிலிலும் வைப்பீராக. கல்வெட்டின்மேற் சுண்ணமும் வண்ணமும் பூச விடாதீர். அதில் உள்ள பெயர் உங்கள் பாட்டனாருடையதாக இருக்கலாம். இன்று நீங்கள் வைக்கும் கட்டளையில், பொருள் இவ்வளவு, பணி இது, எங்குடியார் செய்யத் தவறின் தக்கார் ஒருவர் செய்க என்பதனைத் தெளிவாக எழுதி வைப்பீராக. இராசராசன் அவ்வாறே செய்தான். பின்னர் உங்கள் பேரன் பேத்தியரை அழைத்து அவ்வெழுத்தைப் படித்துக் காட்டுவீராக. அவர்கட்கு நீங்கள் அளிப்பது பட்டம் அன்று, பணி என்பது அன்றே அவர் உள்ளத்திற் பதிதல் வேண்டும்.

முதற்கண் கூறிய சிற்றூர்க்கு மறு ஆண்டு மீண்டும் சென்றிருந்தேன். ஆண்டின் முற்பாதிக்கு ஒரு கிளையாரும் பிற்பாதிக்கு மற்றைக் கிளையாரும் எண்ணெய் தருவதென உடன்பட்டிருந்தனர். அந்தி வழிபாடு முடிந்தபின் அருச்சகர் திருநீற்றுத் தட்டுடன் வந்து, முதலில் யார்க்கு என்பார் போல இரு திறத்தாரையும் நோக்கினார். மூத்த கிளையின் தலைவர், தூணருகே ஒதுங்கி நின்ற பூக்கட்டும் மூதாட்டியாரைக் காட்டி, 'அம்மாவுக்குக் கொடுங்கள்' என்றார். மற்றைக் கிளையார் ஒருவரும் மறுத்துரைத்திலர். அவ்விளக்கு அன்று சுடர்விட்டு எரிந்தது.

இத்திருக்கோயிற் பணியில் பொருளாலும் உடலாலும் ஈடுபட்ட மெய்யன்பர்கள் அனைவரும் தத்தம் குடிகளோடும் வழிவழித் தொண்டு பூண்டு, எல்லா நலனும் பெற்று இனிது வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவடிகளை இறைஞ்சுகின்றேன்.

திருச்சிற்றம்பலம்